டப்ளின் கோட்டையில் ஒரு சிம்மாசனம் (கடிதம்)

ஐயா, வணக்கம்.

மகன் வீட்டுக்கு அயர்லாந்து வந்திருக்கிறேன். போன வாரம் டப்ளின் கோட்டைக்குக் கூட்டிப்போனான். செஞ்சி, வேலூர் மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஒரே ஒரு வட்டக் கோபுரம், மற்றதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் போல இருக்கிறது. உள்ளே பிரிட்டிஷ் மன்னரின் சிம்மாசனத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். 700 வருடம் தங்களை அடக்கி ஆண்டவர்களின் நாற்காலியை இப்படிக் காப்பாற்றுவது அடிமைப் புத்தி இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கலெக்டர் ஆபீஸ் என்றீர்களே, அதுதான் சரி. இங்கிலாந்து மன்னர் ஜான் 1204இல் கட்டச் சொன்ன கோட்டையில் பெரும்பகுதி 1684 தீவிபத்தோடு போயிற்று. அப்புறம் எழுந்தவை அரசப் பிரதிநிதியின் மாளிகையும் அலுவலகங்களும். அங்கே உட்கார்ந்து கோப்பு எழுதியும் ஆள் வைத்து உளவு பார்த்தும்தான் அயர்லாந்தை ஆண்டார்கள். வாசல் மேலே நீதி தேவதை ஊருக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மழை பெய்தால் அவள் தராசுத் தட்டில் தண்ணீர் தேங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். தட்டில் ஓட்டை போட்டுச் சரிக்கட்டினார்கள்! 1907இல் மன்னர் வருவதற்குச் சில நாள் முன்பு அரச நகைகள் பெட்டகத்திலிருந்து மாயமாயின. போலீஸ் தலைமையகம் அதே வளாகத்தில். நகைகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

சிம்மாசனத்துக்கு வருகிறேன். 1922 ஜனவரி 16 அன்று கோட்டையை ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஏழு நிமிடம் தாமதமாக வந்து, 700 வருடத் தாமதத்தைச் சொல்லிக் காட்டியதாக வழிகாட்டி சொல்லியிருப்பார். நல்ல கதை, ஆதாரம்தான் இல்லை. புது அரசிடம் காசும் இல்லை, கட்டிடமும் இல்லை. அதே வருடம் உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்றக் கட்டிடம் நாசமாக, நீதிமன்றங்களே சில வருடம் இந்தக் கோட்டைக்குள் நடந்தன. வரித்துறை இன்றும் அங்கேதான். 1997இல் அமைத்த விசாரணை ஆணையங்கள் சொந்த அரசியல்வாதிகளின் பணக் கணக்கைக் கிளறியதும் அங்கேதான்.

கோட்டைக்குள் செயின்ட் பேட்ரிக் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தீர்களா? கூரையில் மூன்று பெரிய ஓவியங்கள். ஒன்றில் ஐரிஷ் தலைவர்கள் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி முன்னால் பணிகிறார்கள். இன்னொன்றில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ். 1938 முதல் அயர்லாந்தின் ஜனாதிபதிகள் அந்தக் கூரைக்குக் கீழேதான் பதவியேற்கிறார்கள். கூச்சம் இருப்பவர்கள் முதல் வேலையாக அதற்கு வெள்ளையடித்திருப்பார்கள் என்பது என் கட்சி.

ஐரிஷ் கிளர்ச்சித் தலைவர் ஜேம்ஸ் கானலியை வைத்திருந்த அறையையும் காட்டியிருப்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது மாளிகையின் ஒரு பகுதி போர்க்கால ஆஸ்பத்திரி. காலில் குண்டடி பட்ட அவரைக் கைதியாக அங்கே படுக்கவைத்திருந்து, மே 12 அன்று ஆம்புலன்ஸில் கில்மைனம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நிற்க முடியாதவரை நாற்காலியில் கட்டிச் சுட்டார்கள். அந்த அறையையும் சிம்மாசன அறையையும் ஒரே நடையில் பார்த்துவிட்டு வரும் ஐரிஷ் பள்ளிப் பையனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிம்மாசனத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் அவன் பாதியைத்தான் பார்த்திருப்பான்.

உங்களுக்கு வேண்டிய பழங்கோட்டைச் சுவர் தரைக்கு அடியில் இருக்கிறது. அகழியின் மிச்சமும் அதற்கு முந்தைய வைக்கிங் காலத்து அரணும் அங்கேதான். தனியாகச் சுற்றும் டிக்கெட்டுக்கு விடமாட்டார்கள். அடுத்த முறை வழிகாட்டியோடு போகும் டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள் மகனிடம்.