ஓடுகிற தண்ணீர்தானே என்று குடித்தால்

கேள்வி: நண்பர்களோடு கல்வராயன் மலைக்குப் போனபோது கையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஓடையில் தெளிவாக ஓடிய தண்ணீரைப் பிடித்து, குளோரின் மாத்திரை போட்டு, தாகத்தில் உடனே குடித்துவிட்டோம். ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து எனக்கு வயிற்று உப்புசம், அழுகிய முட்டை வாடையில் ஏப்பம், கொழகொழவென்று மலம். அந்தத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மறுபடி போனால் தண்ணீருக்கு என்ன செய்வது?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பெரும்பாலும் சம்பந்தம் உண்டு. பத்து நாள் ஆகிவிட்டதே என்று தள்ளிவிடாதீர்கள். வழக்கமான வயிற்றுப்போக்குக் கிருமிகள் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அந்த ஏப்பமும், கொழகொழவென்ற மலமும் அதற்கு நன்றாகப் பொருந்துகின்றன.

மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒட்டுண்ணி தினமும் வெளியேறாது என்பதால் ஒரு முறை 'நெகட்டிவ்' வந்தால் விட்டுவிட முடியாது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு ஒட்டுண்ணி மாத்திரையான மெட்ரோனிடசோல் இரண்டைப் போட்டு நிறுத்துவது அரைகுறை வைத்தியம். குடல் தேறும்வரை பால் ஒத்துக்கொள்ளாது, மோர் பரவாயில்லை. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை போட்டும் ஏன் வந்தது? குளோரின் பாக்டீரியாவைக் கொல்லவே அரை மணி நேரம் வேண்டும். ஜியார்டியா தண்ணீரில் ஓட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். அந்த ஓடு தடிப்பு, அதற்கு அந்த நேரமும் போதாது. கொதிக்க வைப்பதுதான் உறுதி: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலே போனால்தான் மூன்று நிமிடம். கல்வராயனுக்கு ஒன்றே போதும்.

ஓடை தெளிவாக இருப்பதில் ஒன்றுமில்லை. மேலே மாடு இறங்கியிருக்கும், யாரேனும் கால் கழுவியிருப்பார்கள். பெண்ணையாற்று மணலில் ஊற்று தோண்டும் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஓடைக்குள் மொள்ளாமல், கரையை ஒட்டிய மணலில் பள்ளம் பறியுங்கள். வற்றிய ஓடை என்றால் வளைவின் வெளிப்பக்கத்தில், நாணல் பச்சையாக நிற்கும் இடத்தில் தோண்டலாம். முழங்கை ஆழத்துக்கு ஈரம் தட்டாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். வெயிலில் தோண்டிக் கொட்டும் வியர்வை, கிடைக்கும் தண்ணீரைவிட அதிகமாகிவிடும். முதலில் ஊறுவது கலங்கல், இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, தெளியவிட்டுக் கொதிக்க வையுங்கள். ஊற்றுத் தண்ணீரும் பச்சையாகக் குடிக்கத் தக்கதல்ல.

பிச்சாவரம் மாதிரி உப்பங்கழிப் பக்கம் போனால் இந்த வித்தை பலிக்காது. கொதிக்க வைத்தால் உப்பு போகாது, இன்னும் இறுகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைக் கழிக்கச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கே கையில் கொண்டுபோவதுதான் தண்ணீர்.

வெயிலில் ஏறினால் ஆளுக்கு மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் கணக்கு வையுங்கள். பையில் நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இருக்கட்டும். பெரிய பொட்டலம் ஒன்றை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளர் டம்ளராகக் கிள்ளிப் போட்டால் உப்பின் அளவு தப்பிவிடும்.