ஜிடிபியும் ஷேடோ ஸ்டாக்கும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஷேடோ ஸ்டாக்கோடு (ரிட்டர்ன் முகவரிகளின் காவல் நகல்) ஓடும் புரோகிராமைப் பழைய ஜிடிபியில் (பிழை தேட உதவும் டீபக்கர்) நிறுத்தி, ‘பிரின்ட்’ கட்டளை வழியாக ஒரு ஃபங்ஷனை அழைத்தேன். ஃபங்ஷன் ஓடி முடிகிறது. திரும்பும்போது சிக்செக்வி (மெமரி மீறல் சிக்னல்) வந்து நிற்கிறது. ஜிடிபி இல்லாமல் ஓட்டினால் சிக்கல் இல்லையே?
வாசகர், பர்கூர்

பதில்: நம் பக்கத்து மாங்கூழ் ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர் கையில் ஒரு சீட்டு, காவலரிடம் அதன் நகல். வெளியே போகும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பிராசசரும் ஃபங்ஷனை அழைக்கும் ‘கால்’ ஓடும்போது, திரும்ப வேண்டிய இடமான ரிட்டர்ன் முகவரியைச் சாதாரண ஸ்டாக்கிலும் ஷேடோ ஸ்டாக்கிலும் வைக்கிறது. திரும்புவதற்கான ‘ரெட்’ வரும்போது ஒப்பிடுகிறது. ஜிடிபியோ ‘கால்’ ஓட்டுவதே இல்லை. ஸ்டாக்கில் முகவரியைத் தானே எழுதி, பிசியை (அடுத்து ஓட வேண்டிய இடத்தைக் காட்டும் ரிஜிஸ்டர்) மாற்றி, புரோகிராமை ஓடவிடுகிறது. சீட்டு இருக்கிறது, நகல் இல்லை.

இதைச் சரிசெய்ய, ஷேடோ ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் எஸ்எஸ்பி ரிஜிஸ்டரில் 8 குறைத்து, அந்த இடத்தில் அதே ரிட்டர்ன் முகவரியை எழுதிவிட்டு ஓட்ட வேண்டும்; முடிந்ததும் பழைய எஸ்எஸ்பியைத் திருப்பி வைக்க வேண்டும். சாதாரண ‘மூவ்’ அந்தப் பக்கத்தில் எழுத முடியாது. ஆனால் டீபக்கருக்காக பிடிரேஸ் (இன்னொரு புரோகிராமைக் கட்டுப்படுத்தும் கெர்னல் வசதி) வழி எழுதுவதைக் கெர்னல் அனுமதிக்கிறது. இந்த வேலைகளை ஜிடிபி 17 தானே செய்துகொள்ளும்.

கேள்வி: ஷேடோ ஸ்டாக்கைக் காட்ட பைத்தானில் ஒரு கட்டளை எழுதுகிறேன். பேக்டிரேஸில் (ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியல்) 9 வரி வருகிறது, என் கட்டளையில் 6தான். நடுவே 8000 என்று தொடங்கும் விநோத எண் வேறு. எங்கே தவறு?
வாசகி, ஓசூர்

பதில்: தவறு எண்ணிக்கையில் இல்லை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான். பேக்டிரேஸின் 0ஆம் வரி இப்போதைய பிசி. அது ஷேடோ ஸ்டாக்கில் இருக்காது. அங்கே முதலில் கிடைப்பது 1ஆம் ஃபிரேமின், அதாவது அழைத்த ஃபங்ஷனின், பிசி. இன்லைன் ஆன (‘கால்’ இல்லாமல் உள்ளேயே பதிக்கப்பட்ட) ஃபங்ஷனுக்கும், ஜிடிபி ஊகித்துக் காட்டும் டெயில்கால் (‘கால்’ இன்றி நேரே தாவிய கடைசி அழைப்பு) ஃபிரேமுக்கும் பேக்டிரேஸில் வரி உண்டு, ஷேடோ ஸ்டாக்கில் பதிவு கிடையாது. பைத்தானில் ஃபிரேமின் டைப்பைக் கேட்டு இவ்விரண்டையும் தள்ளிவிட்டு ஒப்பிடுங்கள்.

அந்த விநோத எண் சிக்னல் வந்ததன் அடையாளம். சிக்னலைக் கையாளும் ஹேண்ட்லரை ஓட்டும் முன் லினக்ஸ் கெர்னல், பழைய எஸ்எஸ்பியை 63ஆம் பிட்டை ஏற்றி அங்கே வைக்கிறது. அதை முகவரியாக எடுத்துச் சிம்பல் தேடாதீர்கள். “சிக்னல், பழைய எஸ்எஸ்பி இன்னது” என்று தனி வரியாகக் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு இடம் வழுக்கும். ரிட்டர்ன் முகவரி ‘கால்’ முடிந்த அடுத்த பைட்டைக் காட்டுவதால், வரி எண் தேடும்போது 1 கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால், ‘அபார்ட்’ போலத் திரும்பாத ஃபங்ஷனை அழைத்த இடத்தில் அடுத்த ஃபங்ஷனின் பெயரே வந்துவிடும். இன்னொன்று எல்லை: மெமரி பகுதிகளைப் பட்டியலிடும் ஸ்மேப்ஸ் கோப்பில் ‘எஸ்எஸ்’ கொடி உள்ள பகுதியின் முடிவு வரை மட்டும் படியுங்கள். எஸ்எஸ்பி அந்த முடிவிலேயே நின்றால் ஸ்டாக் காலி என்று சொல்லுங்கள். படிக்கப் போனால் மெமரி பிழைதான். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி எஸ்எஸ்பி என்பதால் த்ரெட் மாறியதும் புதிதாகக் கேளுங்கள்.

வரிகளுக்கு பேக்டிரேஸின் ஃபிரேம் எண்ணையே போட ஆசை வரும். வேண்டாம். அந்த எண்ணை நம்பி ‘ஃபிரேம் 4’ என்று அடிப்பவர் வேறெங்கோ போய் நிற்பார். தனி எண் கொடுத்து, ஒத்துப்போகாத வரிக்கு மட்டும் குறி வையுங்கள். அந்தக் குறிக்காகத்தானே கட்டளையே. காட்டும் கட்டளையில் எஸ்எஸ்பியை மாற்றும் வசதியையும் சேர்க்காதீர்கள். அது ஜிடிபியின் ‘ரிட்டர்ன்’ கட்டளையின் வேலை. 3ஆம் ஃபிரேமிலிருந்து திரும்பும்போது 0 முதல் 3 வரை நான்கு ஃபிரேம் போகும். அதில் ஒன்று இன்லைன் என்றால் எஸ்எஸ்பி கூட வேண்டியது 24 பைட், 32 அல்ல.

கேள்வி: என் லேப்டாப்பில் ஷேடோ ஸ்டாக் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?
வாசகர், பாலக்கோடு

பதில்: இன்டெலில் 11ஆம் தலைமுறை டைகர் லேக், ஏஎம்டியில் ஜென் 3, அல்லது அவற்றுக்குப் பிந்தையது வேண்டும், லினக்ஸ் 6.6, ஜிலிப்சி (சி மொழி நூலகம்) 2.39 அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். சிபியுஇன்ஃபோ கோப்பில் ‘யூசர்_எஸ்எச்எஸ்டிகே’ இருந்தால் பிராசசரும் கெர்னலும் சரி. ஓடும் புரோகிராமின் பிராக் ஸ்டேட்டஸில் த்ரெட் ஃபீச்சர்ஸ் வரியில் ‘எஸ்எச்எஸ்டிகே’ வராவிட்டால், லிங்க் செய்த ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் பாருங்கள்: ஷேடோ ஸ்டாக் குறியில்லாத ஒன்று கலந்தாலும் லிங்கர் முழு புரோகிராமின் குறியையும் எடுத்துவிடும்.