மேலே இன்னொரு சிப் வந்ததும் இண்டக்டரின் க்யூ ஏன் சரிகிறது?

கேள்வி: 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்.என்.ஏ.வுக்கு (இரைச்சல் குறைந்த பெருக்கி) சிப்பில் 3 நானோஹென்றி ஸ்பைரல் இண்டக்டர் (உலோகச் சுருள்) வரைந்திருக்கிறேன். தனியாக சிமுலேட் செய்தால் க்யூ (ரியாக்டன்ஸை மின்தடையால் வகுத்த எண்; இழப்பு கூடினால் குறையும்) 12. மேலே டிஜிட்டல் சிப்பை அடுக்கினால் க்யூ 6, இண்டக்டன்ஸ் 2.5 நானோஹென்றி. உலோகத்தைத் தடிமனாக்கலாமா, டி.எஸ்.வி. (சிலிக்கானைத் துளைத்துச் செல்லும் செம்புத் தூண்) இண்டக்டருக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். க்யூ மட்டும் குறைந்திருந்தால் சுருளின் மின்தடையையோ சப்ஸ்ட்ரேட்டையோ (சுருளுக்கு அடியிலுள்ள சிலிக்கான்) சந்தேகிக்கலாம். இண்டக்டன்ஸும் சேர்ந்து இறங்கியிருப்பதால், மேல் சிப்பின் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் ஓடி உங்கள் காந்தப்புலத்தை எதிர்க்கிறது என்றே சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்பு ரியாக்டன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) 45 ஓம், தொடர் மின்தடை 3.8 ஓம். இப்போது 38 ஓம், 6.3 ஓம். கூடுதலாக வந்த அந்த 2.5 ஓம் உங்கள் சுருளுடையது அல்ல. அதைவிட எனக்குக் கவலை, 2.4-இல் ஒத்திசைய வேண்டிய சர்க்யூட் அதே கேபாசிட்டரோடு சுமார் 2.63 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும் என்பதுதான்.

இந்த அதிர்வெண்ணில் செம்பின் தோல் ஆழம் (மின்னோட்டம் பெரும்பாலும் ஓடும் மேற்பரப்புப் பகுதியின் தடிமன்) சுமார் 1.3 மைக்ரான். அதைப்போல மூன்று மடங்கைத் தாண்டித் தடிமனாக்கினால் பெரிதாகப் பலன் இல்லை. மேல் சிப்பில் ஏற்படும் இழப்பை அது தொடவும் செய்யாது. சுருளுக்கு அடியில் வைக்கும், கீற்றுகளாக வெட்டிய கிரவுண்ட் ஷீல்டும் (தரையிணைப்புள்ள உலோகத் தடுப்பு) அப்படித்தான்: மின்புலத்தை மறைக்கும், காந்தப்புலத்தை விட்டுவிடும்.

முதலில் டிஜிட்டல் சிப் குழுவோடு பேசுங்கள். சுருளுக்கு நேர் மேலே பவர் கிரிட் (மின்சாரம் வழங்கும் உலோக வலை), டம்மி உலோகம் (காலி இடத்தை நிரப்பும் உலோகத் துண்டுகள்) எதுவும் வேண்டாம். சுற்றிலும் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள். சுருளைச் சுற்றி மூடிய கார்டு ரிங் (பாதுகாப்பு வளையம்) இருந்தால், அதிலும் சுழல் மின்னோட்டம் ஓடாதபடி ஒரு இடத்தில் வெட்டிவிடுங்கள். இரண்டு சிப்களையும் இணைக்கும் மைக்ரோபம்ப் (சின்ன உலோகப் புடைப்பு) விடும் இடைவெளி சில பத்து மைக்ரான்தான். 200 மைக்ரான் அகலச் சுருளின் புலத்துக்கு அது ஒரு தூரமே இல்லை.

டி.எஸ்.வி. இண்டக்டரில் செம்புத் தூண் சிலிக்கானுக்குள்ளேயே இறங்குகிறது. நடுவே இருப்பது மெல்லிய ஆக்சைடு மட்டும். சாதாரண 10 ஓம்-செ.மீ. சிலிக்கானில் இழப்பு கூடத்தான் செய்யும்.

மேல் சிப்பில் இடம் கிடைக்காவிட்டால், இண்டக்டரை 1000 ஓம்-செ.மீ.க்கு மேற்பட்ட சிலிக்கான் இன்டர்போசருக்கு (சிப்களைத் தாங்கி இணைக்கும் தகடு) மாற்றுங்கள், மற்ற சிப்களின் உலோகம் மேலே வராத ஓரத்தில். ஆனால் மின்தடை எண்ணை மட்டும் பார்த்து வேஃபரை வாங்கிவிடாதீர்கள். ஆக்சைடில் தங்கும் நேர் மின்னூட்டம் எலக்ட்ரான்களை இழுத்து, சிலிக்கானின் மேற்பரப்பில் கடத்தும் படலத்தை உருவாக்கிவிடும். அதைத் தடுக்கும் டிராப்-ரிச் (எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும்) பாலிசிலிக்கான் அடுக்கு இருக்கிறதா என்று ஃபவுண்டரியிடம் (சிப் தயாரிக்கும் ஆலை) கேளுங்கள்.