குடியிருக்க மேகமூட்டமான ஊரா, வெயில் ஊரா: நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

மேகமூட்டமான ஊர்தான். ஆனால் மேகம் ஓடிக்கொண்டே இருக்கிற ஊராக இருக்க வேண்டும். வந்து உட்கார்ந்துகொண்டு வாரக்கணக்கில் நகராத ஊர் எனக்கு வேண்டாம். கேள்வி கேட்டவர் "நிரந்தரமாகத் தங்குவதென்றால்" என்று சேர்த்திருக்கிறார். அதனால் லீவுக்குப் போய் ரசித்துவிட்டு வருவதை விட்டுவிடுகிறேன். துணி காயப்போட்டு, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வாழ்வதை வைத்தே சொல்கிறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டம், ஆறுமுகநேரி பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். விடியுமுன்னே கிளம்பிப் போய், வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இருக்கும் உப்பை வாரிக் கரையேற்றிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று தரையிலிருந்தும் திரும்பி முகத்தில் அடிக்கும். வருஷக்கணக்காக உப்பு வாரியவர்களுக்குக் கண் எரிச்சலும் பார்வைக் குறைவும் வருவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் வானம் கறுத்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் முகம் மலராது. கோடையில் ஒரு நல்ல மழை இறங்கினால் விளைந்து நிற்கிற உப்பு கரைந்துவிடும், அதுவரை பட்ட பாடும் அதோடு போகும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே இருக்காது. இப்போது அந்த மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. எங்கள் காலத்தில் அதெல்லாம் கிடையாது, கடன்தான். வானம் தெளிந்திருந்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில் வளர்ந்தவள், வெயிலைக் குறைத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வாக்கப்பட்டு வந்தது குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சி. அப்புறம் அவருக்கு வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். சொந்தமாக வீடு கட்டலாம் என்று வந்தபோது கையில் இருந்த பணத்துக்கு இரண்டு பக்கமும் மனை கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கேயே கட்டலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். இலஞ்சி என்று நின்றது நான். காரணம் அங்கே சாரல் அடிக்கிற மூன்று மாத வானம்.

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையை மேற்குப் பக்கமே கொட்டவைத்துவிட்டு, கிழக்கே இருக்கிற நமக்கு வறண்ட காற்றை அனுப்பும். அதனால்தான் ஜூலையில் திருநெல்வேலி, தூத்துக்குடியெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் மலை கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. கொல்லத்துக்குப் போகிற சாலையும், 1904இல் போட்ட செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையும் அந்த இடைவெளி வழியாகத்தான் போகின்றன. காற்றும் அதே வழியில்தான் வருகிறது, கூடவே மேகத்தை இழுத்துக்கொண்டு. கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்து சேரும்போது மழையின் கனமெல்லாம் போய் சாரல் மட்டும் மிஞ்சும். கோயம்புத்தூரில் ஆடி மாதக் காற்றும் மேகமும் இதே மாதிரி பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை மாதம் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போங்கள். தென்காசியில் கிளம்பும்போது ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், இறக்காதவர்கள் தோள்பட்டை நனைந்து உட்கார்ந்திருப்பார்கள். பாவூர்சத்திரத்தில் ஒவ்வொரு ஷட்டராகப் பாதி ஏறும். ஆலங்குளம் வந்தால் எல்லாம் முழுக்கத் திறந்துவிடும். மழை இருக்காது, காற்று மட்டும் ஆளைத் தூக்குகிற மாதிரி அடிக்கும், இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். சீதபற்பநல்லூர் தாண்டும்போது வெயில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருப்பார்கள். மொத்தமே அறுபது கிலோமீட்டருக்குள். பாளையங்கோட்டையில் 36, 37 டிகிரி கொதிக்கிற நாளில் இலஞ்சியில் மத்தியானம் மின்விசிறி போடாமல் தூங்குவோம். வீட்டை எந்தப் பக்கம் கட்டுவது என்று முடிவெடுத்ததே அந்தப் பேருந்துப் பயணங்களில்தான் என்று சொல்லலாம்.

ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் ஒரு பகல் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் மலை தெளிவாகத் தெரியும், அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். பல் தேய்த்து முடிப்பதற்குள் மலையைக் காணாது. பொடிச் சாரல் வரும். வேப்பமரத்தடி நனையாது, கோழிக்கூண்டின் தகரத்தில் சத்தம் கேட்காது, ஆனால் முகம் சில்லிட்டுவிடும். அப்புறம் மேகம் கிழிந்து சுள்ளென்று வெயில். அந்த வெயிலிலேயே மறுபடியும் சாரல். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கிற பருவமும் இதுதான். மேகத்தின் நிழல் அந்த மஞ்சள் வயலின் மேல் ஏறி ஓடுவதைப் பார்க்க எத்தனையோ ஊர்க்காரர்கள் காரில் வருகிறார்கள். ஒரே பகலில் வெயிலும் நிழலும் இப்படி மாறி மாறி வந்தால் மனதுக்குச் சலிப்பே வராது. நான் மேகமூட்டம் பிடிக்கும் என்று சொல்வது இதைத்தான்.

இப்போது உட்கார்ந்துவிடுகிற மேகத்துக்கு வருகிறேன். என் தங்கை நீலகிரி மாவட்டம் கூடலூரில் இருக்கிறாள். ஊட்டிக்கு மேற்கே, மலை கேரளம் பக்கமாகச் சரிகிற இடம். அங்கே கணவாய் இல்லை, தடுப்பும் இல்லை, பருவமழை நேராக வந்து மோதும். அதே மாவட்டத்தில் கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி மழைதான் பெரிசு. கூடலூர், பந்தலூர், தேவாலாவுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடைவிடாத மழை. ஊருக்குப் பெயர் நீலகிரி என்பதால் எல்லா இடமும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். தங்கையின் பிரசவத்துக்காக ஒரு ஆடி மாதம் அங்கே போய் இருந்தேன். காலை எது, சாயங்காலம் எது என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குழந்தைத் துணியைக் காயவைக்க அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தார்கள். துணி காய்ந்தது, ஆனால் எல்லாவற்றிலும் புகை வாடை. தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை. உப்பு ஜாடியில் உப்பு நீர் விட்டிருந்தது, அதைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. தங்கை பழகிவிட்டாள், அவளுக்கு அந்த ஊர் உயிர். என்னால் முடியாது. பச்சையாக இருக்கிற ஊரெல்லாம் வாழ வசதியான ஊர் என்று யாராவது சொன்னால் ஆடி மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவேன்.

இன்னொன்று, மேகம் சூழ்ந்தால் மனச்சோர்வு வரும் என்று இந்தக் கேள்விக்குக் கீழே பலர் எழுதுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் ஊரைப் பொறுத்தது. 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும், குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகுகிற ஒரு சோர்வு நோயை விவரித்தார்கள். அதற்குச் சிகிச்சையாகக் காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) விளக்கின் முன்னால் அரை மணி நேரம்போல உட்காரச் சொல்கிறார்கள். வீட்டில் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். உச்சிவெயில் 1,00,000 வரை போகும். மந்தாரமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். எங்கள் சித்தி மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே டிசம்பரில் பகலே எட்டு மணி நேரம்கூடக் கிடையாது, அதிலும் மேகம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. தென்காசியில் மார்கழியின் குட்டைப் பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். வருஷத்தின் நீளப் பகலுக்கும் அதற்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அவன் சொல்கிற மேகமும் நான் சொல்கிற மேகமும் வேறு வேறு. அவனிடம் நான் எப்போதும் சொல்வது, லீவு நாளில் போர்வைக்குள் கிடக்காமல் மத்தியானம் வெளியே நடந்துவிட்டு வா என்பதுதான். வைட்டமின் டி விஷயமும் கிட்டத்தட்ட இதே. நம் நாட்டில் கொளுத்துகிற வெயில் ஊர்களிலும் அந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது, ஏனென்றால் பகல் முழுக்க அறைக்குள் இருக்கிறோம்.

சரி, மேகத்துக்குக் கொடுக்கிற விலையையும் சொல்லிவிட வேண்டும். சாரல் மாதங்களில் தடிமனான துணியைத் துவைத்தால் உள்மடிப்பு காய மூன்றாவது நாள் ஆகும். மேற்குப் பார்த்த சுவர் ஓதம் ஏறி, உள்ளே சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வரும். கூரையில் சோலார் தகடு போட்டவர்களுக்குச் சித்திரையில் வருகிற மின்சாரத்தில் பாதிகூட ஆடியில் வராத நாட்கள் உண்டு. அம்மா முதல் தடவை சாரல் நேரத்தில் வந்து தங்கியபோது, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாயை மாடியில் விரித்துவிட்டு, கால் மணிக்கொரு தரம் படியேறி இறங்கினாள். கடைசியில் சுளகோடு கூடத்துக்குள் தூக்கி வந்துவிட்டு, "ஏட்டி, வத்தல் காயப்போட முடியாத ஊர்ல எப்படிட்டி குடும்பம் நடத்துத?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. வத்தல், வடகம், மோர்மிளகாய், பருப்பு, புளி எல்லாவற்றையும் மாசி, பங்குனி, சித்திரைக்குள் காயவைத்து, காற்றுப் போகாத டப்பாவில் அடைத்துவிடுவேன். அந்த மூன்று மாதம் எங்கள் ஊரிலும் நல்ல வெயில் அடிக்கும். அது இல்லாவிட்டால் இந்த ஊரிலும் நான் வீடு கட்டச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வருஷத்தில் மூன்று மாதமாவது காய்கிற வெயிலும், கோடை முடிந்ததும் காற்றோடு வருகிற மேகமும் உள்ள ஊர். உங்கள் பிழைப்பு வெயிலை நம்பியிருந்தால், உப்பளமோ கருவாடோ செங்கல் சூளையோ, யோசிக்காமல் வெயில் ஊருக்கே போங்கள். வீட்டில் மூட்டுவலியோ மூச்சிரைப்போ உள்ள பெரியவர்கள் இருந்தால், ஈரமான மாதத்தில் அவர்களை அழைத்து வந்து ஒரு வாரம் தங்கவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் மாமியாருக்குச் சாரல் காலத்தில் இரவில் இரைப்பு கூடும். மேற்கு ஜன்னலை அடைத்துக் கிழக்கு அறையில் படுக்கவைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தென்காசிப் பக்கமே வீடோ மனையோ பார்க்கிறீர்கள் என்றால் தரகர் கூப்பிடுகிற பங்குனியில் வராதீர்கள், அப்போது எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். ஆடியில் வாருங்கள். மேற்குச் சுவரை உள்பக்கம் கையால் தடவிப் பாருங்கள், மேல் அலமாரியைத் திறந்து வாடை பாருங்கள், மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு துணி காயப்போடும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் கட்டும்போது வரைபடத்தில் முதலில் குறித்தது அந்தக் கூரையைத்தான், சமையலறை அதற்கப்புறம்தான்.