என்ஜின் மாற்றிய லோரியில் அரைபடும் சத்தம்: இன்னொரு ஸ்டார்ட்டர் வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் என் சிறிய டீசல் லோரிக்கு, ஜப்பானிலிருந்து வந்த பழைய நான்கு சிலிண்டர் என்ஜினை அண்மையில் பொருத்தினேன். அதன் பிறகு சாவியைத் திருப்பினால் சில வேளைகளில் இரும்பு அரைபடும் சத்தம் கேட்கிறது. சில வேளைகளில் சத்தமின்றி ஸ்டார்ட் ஆகிறது. பட்டறையில் ஸ்டார்ட்டரை மாற்றியும் சத்தம் போகவில்லை. இப்போது இன்னொன்று வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். சத்தம் எப்போதும் வராமல் சில வேளைகளில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே, ஸ்டார்ட்டரைவிட, ஃபிளைவீலை (என்ஜினின் பின்பக்கத்தில் சுழலும் கனமான சக்கரம்) சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியரின் மீது சந்தேகம் கொள்ள வைக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது, சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் எதிர்ப்பால் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஸ்டார்ட்டரின் பினியன் (சிறு பல்சக்கரம்) பல ஆண்டுகளாக ரிங் கியரில் அந்த இடங்களிலுள்ள பற்களையே மோதுவதால் அவை மட்டும் தேய்ந்துவிடுகின்றன. உங்கள் என்ஜினோடு அதன் பழைய ஃபிளைவீலும் வந்திருந்தால், தேய்மானமும் கூடவே வந்திருக்கும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். அரைபடும் சத்தம் கேட்டதும் சாவியை விட்டுவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிய பின், முன்புறப் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி என்ஜினை அது ஓடும் திசையிலேயே கால் சுற்று திருப்புங்கள். கம்பியை மாட்டி மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது சத்தமின்றிப் பிடித்தால், குற்றம் பெரும்பாலும் ரிங் கியரில்தான். உறுதி செய்ய, ஸ்டார்ட்டரை இறக்கச் சொல்லி, அந்தத் துளை வழியே விளக்கடித்து ஒரு முழுச் சுற்றுக்குப் பற்களை நீங்களே பாருங்கள்.

எல்லாப் பற்களிலும் அரைத்திருந்தால், பொருத்தம் தவறியிருக்கலாம். லோரியில் முன்பிருந்த என்ஜினின் ஸ்டார்ட்டரைப் புதிதாக வந்த ஃபிளைவீலுக்கு மாட்டியிருந்தால் பினியனின் பல் அளவு ஒத்துப்போகாமல் இருக்கலாம். என்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய தகட்டை விட்டுவிட்டாலும் இடைவெளி மாறிவிடும். ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் லோரியின் பேட்டரியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ஸ்டார்ட்டர் மட்டும் விர்ரென்று சுற்றி என்ஜின் அசையாமல் இருந்தால்தான் அதன் பினியனைச் சுற்ற வைக்கும் கிளட்ச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போதும் பின்பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வந்தால் லோரியை ஓட்டவே கூடாது. ஃபிளைவீல் போல்ட் தளர்ந்திருக்கலாம்.

ரிங் கியரைச் சூடாக்கி மாற்றலாம். ஆனால் அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருப்பதால் கூலிதான் பெரிய செலவு. என்ஜினை ஏற்றும்போதே பற்களைப் பார்த்திருக்க வேண்டியது பட்டறையின் பொறுப்பு என்பதே என் கருத்து. ஆகவே கூலியில் பங்கேற்குமாறு கேளுங்கள். தொழிலுக்கான லோரி என்பதால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள நடுவர் மன்றம் உங்கள் கோரிக்கையை ஏற்காமல் போகலாம். எனவே எழுத்துப்பூர்வமான பில்லே உங்களுக்குப் பலம்: செய்த வேலை, மாற்றிய பாகங்கள், உத்தரவாதக் காலம், என்ஜின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவில் என்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யும்போதும் அந்த எண் தேவைப்படும்.