நடுக்கடலில் ஓர் ஊதாத் திருக்கை

கேள்வி: சூரைக் கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன், கரையே தெரியாத நடுக்கடலில் தூண்டிலில் சிக்கிய திருக்கை என்று ஒரு படம் அனுப்பினான். முதுகு, வயிறு இரண்டும் கருத்த ஊதா. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும் மீன் அல்லவா?

பதில்: அண்ணன் அனுப்பியது உண்மையான படம்தான். சாட்டை போன்ற வாலுள்ள கொடுவால் திருக்கைகளில் கடலடித் தரையை விட்டுவிட்டுத் திறந்த கடலிலேயே வாழப் பழகிய ஒரே இனம் இது. 1832இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் சார்ல்ஸ் லூசியன் போனபார்ட், நெப்போலியனின் தம்பி மகன். இன்றைய பெயர் டெரோபிளாட்டிட்ரைகான் வயலேசியா. உலகின் வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் உண்டு. பெரும்பாலும் மேல்மட்டத்து 100 மீட்டருக்குள்தான் திரியும். குளிர் தாங்காது.

படத்தில் கண்ணைப் பாருங்கள். மற்ற திருக்கைகளுக்கு மணலுக்கு மேலே எட்டிப்பார்க்கக் கண் புடைத்திருக்கும். இதற்குப் புடைப்பே இல்லை. புதைவதே இல்லையே, எதற்கு? உடலின் ஓரத்தை அலையலையாக நெளிப்பதற்குப் பதில் சிறகுபோல மேலும் கீழும் அடித்து நீந்தும். கணவாயையும் சொறி மீனையும் அந்தச் சிறகாலேயே அணைத்து வாய்க்குக் கொண்டுபோகும்.

மீன்வளப் பார்வையாளராக, ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான தூண்டில் கட்டி இழுக்கும் ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களில் நான் போன நாட்களில், இரவில் விளக்கொளியில் கயிறு ஏறும்போது இந்த ஊதா நிறம் நீருக்குள்ளிருந்து எழுந்து வரும். அவ்வளவு அழகு. அடுத்த நிமிடம் நடப்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விலை போகாத மீன், வாலிலோ நீண்ட முள். ஆட்களுக்குப் பயம். தூண்டில் முள்ளை மீட்க மீனைக் கப்பல் விளிம்பில் அடித்து இழுப்பார்கள். தாடை கிழிந்தபடி கடலில் விழும். இந்த இனம் அழியும் தறுவாயில் இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் தாடை போன மீன் எதைப் பிடித்துத் தின்னும்? ஒரு பெண் திருக்கை வயிற்றில் நான்கு முதல் பதின்மூன்று குட்டிகள் வரை இருக்கும். அண்ணனிடம் சொல்லுங்கள்: மேலே தூக்காமல், வாய்க்கு நெருக்கமாகத் தூண்டில் நரம்பை வெட்டிவிட்டால் போதும். மீனும் பிழைக்கும், அவர் கையும் பிழைக்கும்.

கேள்வி: இதன் முள் குத்தினால் உயிர் போகுமா?

பதில்: போயிருக்கிறது, அரிதாக. இந்த இனத்தால் இரண்டு மரணங்கள் பதிவாகியுள்ளன. இரண்டு பேரும் மீனவர்கள். ஒருவர் அப்போதுதான் பிடித்த மீனின் முள் பாய்ந்து இறந்தார். மற்றவர் குத்துப்பட்டுச் சில நாள் கழித்து டெட்டனஸ் கண்டு இறந்தார். கையிலோ காலிலோ குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருங்கள், வலி தணியும். மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சிறிய காயமானாலும் டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.