மே மாதச் சம்பளம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மதுரைக்கு அருகில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக, அதாவது நிரந்தரமில்லாத ஆசிரியராக, இருக்கிறேன். முனைவர் பட்டமும், கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்ச்சியும் உண்டு. வாரம் 16 மணி நேரம் வகுப்பு. மாதம் ரூ.25,000, அதுவும் 11 மாதங்களுக்கு மட்டும். மே மாதம் சம்பளம் இல்லை. ஆனால் மாணவர் சேர்க்கைப் பணிக்கு வரச் சொல்கிறார்கள். போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. சேவை என்று நம்பி இப்பணிக்கு வந்த நான் பணத்துக்காக இதை விட்டுப் போவது தவறாகுமா? மாணவர்கள் எதையும் வாசிப்பதில்லை என்ற சோர்வும் இருக்கிறது. எங்களைப் பற்றி எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதில்லை?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

மாணவர்கள் வாசிப்பதில்லை என்று என் ஆசிரியர்களும் எங்களைப் பார்த்துச் சொன்னார்கள், அதை விடுங்கள். எழுத்தாளர்களின் மௌனத்துக்கு நான் வக்கீல் அல்ல. ஆனால் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தன் கூலியைக் கேட்பதற்கு முன்னால் அது பாவமா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார் என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. உங்கள் துறையில் அதே பாடத்தை அதே மாணவர்களுக்கு நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700, அகவிலைப்படி தனி. அவரிடம் போய் இது சேவையா என்று யாராவது கேட்டதுண்டா?

கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000. நீங்கள் எடுக்கும் 16 வகுப்புகளுக்கு ஒரு வாரத்துக்கே ரூ.24,000 ஆகிறது. அதாவது மாதத்தின் முதல் வாரம் முடியும்போதே உங்கள் சம்பளமும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீதி வாரங்களில் நீங்கள் செய்வதைத்தான் சேவை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள் போலும்.

இதைவிடவும் என்னை உறுத்துவது மே மாதம்தான். 11 மாதச் சம்பளம் என்பது சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று நான் நம்பவில்லை. ஒரு மாத இடைவெளி விழுந்தால் பணித்தொடர்ச்சி அறுகிறது; பத்தாண்டு பணிபுரிந்தவரும் ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வந்தவராகிவிடுகிறார்; முன்னுரிமையோ பணி நிரந்தரமோ கேட்கும் இடத்தில் அவர் காலுக்குக் கீழே தரை இருப்பதில்லை. நிரந்தரப் பேராசிரியருக்குக் கோடை விடுமுறை சம்பளத்தோடு வருகிறது. உங்களுக்கோ சம்பளம் நிற்கிறது, ஆனால் விண்ணப்பம் சரிபார்க்கவும் கலந்தாய்வு மேசையில் உட்காரவும் ஆள் வேண்டியிருக்கிறது. ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வேறு காத்திருக்கும்.

நானும் இளவயதில் மதுரையில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் தமிழ் நடத்தினேன். நிரந்தர ஆசிரியர்கள் கையெழுத்திட முதல்வர் அறையில் கட்டம்போட்ட பெரிய பதிவேடு இருந்தது. எங்களுக்கு அலுவலக உதவியாளரின் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு வரும் சம்பளமில்லாத மே மாதத்தில், வடக்குமாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பேன். ஒருமுறை எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் மகனின் திருமண அழைப்பிதழ் அச்சடிக்க அங்கே வந்தார். என்னைப் பார்த்து உண்மையான மகிழ்ச்சியோடு, "லீவை வீணாக்காம உழைக்கிறீங்களே தம்பி" என்றார். நல்ல மனிதர். என் விடுமுறைக்குச் சம்பளம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. ஒரே ஆசிரியர் அறையில் ஆண்டு முழுக்கச் சேர்ந்து தேநீர் குடித்தவர்கள் நாங்கள். ஆகவே உங்கள் நிலையை எல்லோரும் அறிந்தும் பேசாதிருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் கூச்சத்தால் சொல்லாமலிருப்பதும் இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுகிறது.

நீதிமன்றங்கள் அவ்வளவு கூச்சப்படவில்லை. 2016 அக்டோபரில் பஞ்சாப் மாநிலத் தற்காலிக ஊழியர்களின் வழக்கில், அதே வேலையைச் செய்பவருக்கு நிரந்தர ஊழியருக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையையேனும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில், மாதம் ரூ.30,000 பெற்றுவந்த குஜராத் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களின் வழக்கில், விழா மேடைகளில் குருவைத் துதித்துச் சுலோகம் சொன்னால் மட்டும் போதாது என்ற பொருளில் கண்டித்து, அவர்களுக்கும் உதவிப் பேராசிரியருக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையை வழங்க உத்தரவிட்டது.

பயிற்சி மையத்துக்குப் போவதில் தவறேதும் இல்லை. அதற்கு என் அனுமதியும் தேவையில்லை. ஆனால் போவதானாலும் இருப்பதானாலும் ஒவ்வோர் ஆண்டின் பணி ஆணை, பெயரோடு கூடிய கால அட்டவணை, மே மாதத்தில் உங்களைச் சேர்க்கைப் பணிக்கு அழைத்த சுற்றறிக்கை ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள். வாய்மொழியாகவே அழைக்கிறார்கள் என்றால், எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் நிரந்தர ஆசிரியரின் வேலையையே செய்தீர்கள் என்பதை ஒருநாள் வழக்கு மன்றத்தில் காட்ட வேண்டிவந்தால், அங்கே கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான்.